சூரைச்செடியின் கீழ் ஒரு பாடம்



மனச்சோர்வு விசுவாசக் குறைவல்ல. அது ஒரு நோய். 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தைத் தியானிப்போம். சாக விரும்பிய எலியாவைத் தேவன் கடிந்துகொள்ளவில்லை. முதலில் நித்திரையும் அப்பமும் தண்ணீரும் தந்தார். பிறகே கேள்வி கேட்டார். தான் ஒருவனே மிஞ்சியதாக எலியா எண்ணினான். மீந்திருந்தவர்களோ 7,000 பேர்!

அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் 1960-களில் வகுத்த சிகிச்சையும் இவ்வாறே எண்ணங்களைச் சோதிக்கிறது. தானாக எழும் எண்ணத்தை எழுதுவது, அதற்கு ஆதாரம் உண்டா என்று பார்ப்பது, கைவிட்ட சிறு வேலைகளை மீண்டும் தொடங்குவது ஆகியவை அதன் படிகள்.

மரவள்ளிக்கு விலை கிடைக்காத ஆத்தூர் விவசாயி ஒருவர், தாம் குடும்பத்துக்குப் பாரம் என்று எண்ணுவதாக வைத்துக்கொள்வோம். கடன் உண்மைதான், ஆனால் அவர் பாரமா? நேற்று அவர் சாப்பிடாதபோது வீட்டில் யார் காத்திருந்தார்கள் என்று கேட்போம். நாளைக் காலை வரப்புவரை நடந்துவரச் சொல்வோம். அதன்பின் அவரோடு ஜெபிப்போம்.

நோய் கடுமையானால் மருத்துவரும் மருந்தும் தேவை. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் தாமதியாமல் 14416 என்ற இலவச எண்ணை அழைக்கலாம்.

உங்கள் சபையில் ஒதுங்கி அமர்ந்திருப்பவரை இவ்வாரம் சந்தியுங்கள். இந்த ஆலோசனை ஊழியத்தையும் உங்கள் ஜெபத்தில் தாங்குங்கள்.