எதிரே வருபவனின் காகிதம்

கண்ணு,

பழைய டாடா ஏஸ் ஒன்றை வாங்கி, இளம்பிள்ளையிலிருந்து சேலத்துக்கும் ஈரோட்டுக்கும் சேலை மூட்டை ஏற்றி ஓட்டப் போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். நல்ல காரியம். டயரையும் பேட்டரியையும் பற்றிச் சொல்ல மெக்கானிக் இருக்கிறார். மாமன் சொல்ல வந்தது இன்சூரன்ஸ் காகிதத்தைப் பற்றி. உன் வண்டியில் இருப்பதைப் பற்றியும், எதிரே வருகிறவன் வண்டியில் இல்லாமல் போகக்கூடியதைப் பற்றியும்.

1. தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் உனக்காகப் போடுவது அல்ல என்பதை முதலில் மனதில் வை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-வது பிரிவு அதைக் கட்டாயமாக்கியிருப்பது, உன் வண்டி மோதி அடிபடுகிற யாரோ ஒருவருக்காக. காக்காபாளையம் பக்கம் ரோட்டைக் கடக்கிற கிழவிக்கு, உன் பெயர்கூடத் தெரியாத அவளுக்கு, நீ முன்கூட்டியே எடுத்துவைக்கிற பணம் அது. "போலீஸ் பிடித்தால் காட்டத்தானே" என்று சொல்லி, கடைசி நாள்வரை புதுப்பிக்காமல் இழுக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அபராதம் முதல் தடவை 2,000 ரூபாய், அடுத்த தடவை 4,000. அந்தக் கணக்கை மட்டும் பார்க்கிறவன் கையில் ஸ்டியரிங்கைக் கொடுக்கக் கூடாது என்பது என் எண்ணம்.

2. நீ அடுத்தவனுக்காக எடுத்ததுபோல, அவனும் உனக்காக எடுத்திருப்பான் என்று நம்பிவிடாதே. நாட்டில் இருக்கிற வண்டிகளில் ஏறத்தாழப் பாதிக்கு இன்சூரன்ஸ் கிடையாது. அதிலும் பெரும்பங்கு இருசக்கர வண்டிகள். கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்குப் போட்டிருந்தார். அந்த வழக்கில்தான், 2018 செப்டம்பர் 1 முதல் புது பைக்குக்கு 5 வருஷமும் புது காருக்கு 3 வருஷமும் சேர்த்தே தேர்ட் பார்ட்டி எடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. சரி, ஆறாவது வருஷம்? அதற்குள் வண்டி இரண்டு கை மாறி, தறி ஓட்டப் போகிற ஒரு பையனிடம் வந்திருக்கும். அவன் பெட்ரோலுக்கே கணக்குப் பார்க்கிறவன்.

நம் ஊரில் பாவு ஓட்டிக்கொண்டிருந்த ஒருவருக்கு அப்படி ஒரு பைக் மோதித்தான் கால் போயிற்று. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் நியாயமான தொகைதான் போட்டது. பைக்குக்கு இன்சூரன்ஸ் இல்லை, மோதியவன் தினக்கூலி. வெறுங்கை முழம் போடுமா? காப்பீடில்லாத வண்டியைப் பிடித்துவைத்து, உரிமையாளர் பிணை கட்டாவிட்டால் ஏலம் விட்டுப் பாதிக்கப்பட்டவருக்கான தொகையில் சேர்க்க விதி செய்யும்படி, 2018-ல் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் சொன்னது. நல்ல உத்தரவு. ஆனால் பழைய மொபெட் ஏலத்தில் என்ன விலை போகும், நீயே சொல்.

3. அமெரிக்காவில் இதற்கென்றே தனிக் காப்பு விற்கிறார்கள். மோதியவனிடம் இன்சூரன்ஸ் இல்லாவிட்டாலோ, இருந்தும் போதாவிட்டாலோ, உன் சொந்தக் கம்பெனியே உனக்குத் தரும். இங்கிலாந்தில் 1946-லேயே இன்சூரன்ஸ் கம்பெனிகள் ஒன்றாகக் கூடி, காப்பீடில்லாதவன் மோதினால் பணம் கொடுக்கத் தனி அமைப்பே வைத்துவிட்டன. நம் நாட்டில் அந்தப் பெயரில் ஒரு பாலிசி கேட்டால் ஏஜென்ட் முழிப்பார். ஒரு விஷயத்தில் அமெரிக்காவைவிட நம் சட்டம் மேல்: உயிரிழப்புக்கும் காயத்துக்கும் தேர்ட் பார்ட்டி பாலிசியில் உச்சவரம்பு இல்லை; தீர்ப்பாயம் போட்ட தொகை எவ்வளவானாலும் கம்பெனி தர வேண்டும். ஆகவே இங்கே ஆபத்து, தொகை குறைவதில் இல்லை. காகிதமே இல்லாமல் போவதிலும், இருந்தும் செல்லாமல் போவதிலும் இருக்கிறது.

மோதிவிட்டு நிற்காமல் போன, இன்னாருடையது என்றே தெரியாத வண்டிக்கு அரசுத் திட்டம் உண்டு. 2022 ஏப்ரல் முதல் உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000. அதற்கு முன்பு 25,000-மும் 12,500-மும்தான். இதை நம்பி ஒரு குடும்பம் எத்தனை மாதம் உட்கார்ந்து சாப்பிட முடியும்?

4. ஆகையால் உன் காப்பை நீயேதான் சின்னச் சின்னதாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். முதலில், வண்டிச் சொந்தக்காரரே ஓட்டும்போது அவருக்கான தனிநபர் விபத்துக் காப்பு. முன்பு பைக்குக்கு 1 லட்சம், மற்ற வண்டிக்கு 2 லட்சம் என்று பேருக்கு இருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2017-ல் சொன்னதையொட்டி, 2018-ல் அதை 15 லட்சமாக்கினார்கள். தொடக்கத்தில் ஆண்டுக்கு 750 ரூபாயும் வரியும். தப்பு யார் மேல் என்று இதில் பார்ப்பதில்லை. எதிரே வந்தவனிடம் ஏதும் இல்லாவிட்டாலும் உன் வீட்டுக்கு இது வரும். உனக்கு எத்தனை வண்டி இருந்தாலும் ஒன்று எடுத்தால் போதும்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஆர்.சி. புக்கில் யார் பெயரோ அவருக்குத்தான் இது, அவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸும் இருக்க வேண்டும். நம் பக்கம் வண்டியை அப்பா பெயரில் எடுத்துவிட்டு மகன் ஓட்டுவான். இல்லை, கடனுக்காக மனைவி பெயரில் எடுப்பார்கள். அப்படியானால் ஓட்டுகிறவனுக்கு அந்தப் 15 லட்சம் கிடையாது. அவன் தன் பெயரில் தனியாக ஒரு விபத்துப் பாலிசி எடுக்க வேண்டும். பேங்க் கணக்கு இருந்தால் பிரதமர் சுரக்ஷா பீமாவையும் போட்டுவை. வருஷத்துக்கு 20 ரூபாய், 2 லட்சம். ஒரு டீயும் வடையும். வண்டி பழசுதானே என்று வெறும் தேர்ட் பார்ட்டியோடு நிற்காதே, முடிந்தால் ஃபுல் இன்சூரன்ஸ் போடு. காப்பீடில்லாதவன் முகப்பை நொறுக்கினால் பட்டறைச் செலவை அவனா தருவான்?

5. லோடு வண்டியில் ஆள் ஏற்றாதே. அமாவாசை அன்று கஞ்சமலை சித்தர் கோயிலுக்குப் போக, தெருவே உன்னிடம் வந்து நிற்கும். பெரியம்மா கேட்பாள், சித்தப்பா கேட்பார். "நாலு கிலோமீட்டர்தானே, பின்னாடி உட்கார்ந்துக்கிறோம்" என்பார்கள். மறுத்தால் "வண்டி வாங்கினதும் திமிர் வந்துருச்சு" என்றும் சொல்வார்கள். சொல்லட்டும். சரக்கு வண்டியில் சும்மா ஏறிவருகிற ஆளுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் எப்போதோ முடித்துவிட்டது. சேலை மூட்டைக்காரர் தன் மூட்டையோடு கேபினில் வந்தால் அவருக்குக் காப்பு உண்டு, 1994-ல் சட்டத்தைத் திருத்தி அதைச் சேர்த்தார்கள். கோயிலுக்குப் போகிற பெரியம்மாவுக்கு இல்லை. அப்போது அவளைப் பொறுத்தமட்டில், காப்பீடில்லாத வண்டிக்காரன் நீதான்.

பைக்கிலும் அப்படியே. வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசியில், பின்னால் உட்கார்ந்து வருகிறவருக்கு உன் கம்பெனி எதுவும் தராது. இது தெரியாமல்தான் பெண்டாட்டி பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகிறோம். 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர், புது வண்டிக்கெல்லாம் 5 வருஷம் முழுக் காப்பு கட்டாயம் என்றே உத்தரவிட்டார். ஓட்டுகிறவர், உள்ளே வருகிறவர் எல்லாருக்கும் சேர்த்து. அடுத்த மாதமே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். கட்டாயம் போய்விட்டது, அவர் சுட்டிக்காட்டிய ஓட்டை அப்படியே இருக்கிறது.

6. அடிபட்டதும் பணத்தை நினைத்து ஆஸ்பத்திரி வாசலில் தயங்காதே, யாரையும் தயங்கவிடாதே. நம் மாநிலத்தில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம், முதல் 48 மணி நேரச் சிகிச்சையைப் பார்த்துக்கொள்கிறது. 2025 மே மாதம் மத்திய அரசும் 7 நாளுக்கு, ஒன்றரை லட்சம் வரை, கட்டணமில்லாச் சிகிச்சை அறிவித்தது. இரண்டுமே பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகளில்தான். எட்டாம் நாளிலிருந்து? அதற்கு வீட்டு மருத்துவக் காப்பீடு வேண்டும். நான் முன்னே சொன்ன 15 லட்சம் மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான். ஆஸ்பத்திரி பில் அதில் வராது.

7. விபத்து நடந்தால் ஓடாதே, பொய்யும் சொல்லாதே. ஓட்டியவனுக்கு லைசென்ஸ் இல்லை என்றால், லைசென்ஸ் இருக்கிற அண்ணனை ஸ்டேஷனில் நிறுத்துகிற பழக்கம் நம் பக்கம் உண்டு. அப்படி ஆள் மாற்றிய ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். குறுக்கு விசாரணையில் அண்ணனுக்கு வண்டி எந்தப் பக்கம் கவிழ்ந்தது என்றே சொல்லத் தெரியவில்லை. சண்டை அதோடு வீட்டுக்குள் வந்தது, இன்னும் பேச்சுவார்த்தை இல்லை. உள்ளதைச் சொல்லியிருந்தால் கம்பெனி முதலில் அடிபட்டவருக்குக் கொடுத்துவிட்டு, பிறகு இவர்களிடம் வசூலிக்க வந்திருக்கும். அது கடனோடு போயிருக்கும். அதேபோல் ரோட்டோரத்தில் ஆயிரம் இரண்டாயிரத்துக்குச் சமாதானம் பேசாதே. எதிர் வண்டியின் நம்பரை எம்பரிவாகன் செயலியில் போட்டால் இன்சூரன்ஸ் தேதி அங்கேயே தெரியும். புகார் கொடு. இழப்பீட்டு மனுவுக்கு 6 மாதம் என்கிறது சட்டம், கட்டு பிரித்த பிறகு பார்க்கலாம் என்று இருக்காதே.

8. பழைய வண்டி வாங்கியிருக்கிறாய், அதனால் இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று. ஆர்.சி. பெயர் மாற்றத்தோடு பாலிசியையும் உன் பெயருக்கு மாற்று. 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கச் சட்டம் சொல்கிறது. மாற்றாவிட்டாலும் தேர்ட் பார்ட்டி தானாக உன் கூட வரும். விபத்துக் காப்பு விற்றவரோடு போய்விடும், உன் பெயரில் புதிதாகத்தான் எடுக்க வேண்டும். நாமினி இடத்தை ஏஜென்ட் தனக்குத் தோன்றியபடி நிரப்பிவிடுவார், நீ பக்கத்தில் இருந்து சொல். இப்போதைக்கு உன் அம்மா பெயர். தை மாசம் கல்யாணம் முடிந்ததும் மறக்காமல் போய் மருமகள் பெயரைப் போடு, பாலிசி எங்கே இருக்கிறது என்று அவளிடமும் காட்டிவிடு.

அன்புடன்,
மாமன்