இரண்டாவது ஆபரேட்டர்

ஓசூரை அடுத்த பாகலூர், பேரிகைப் பக்கம் பசுமைக் குடில்களில் ரோஜா வளர்ப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அத்தகைய குடில் ஒன்றில் வெப்பநிலை காட்டும் சிறு கருவியை வைத்து, வீட்டு இணையத்தோடு இணைத்துவிட்டீர்கள் என்று கொள்வோம். வீட்டிலிருந்தபடி கைப்பேசியில் பார்த்தால் 31 டிகிரி என்று காட்டுகிறது. பள்ளிக்கூடத்திலிருந்து பார்த்தாலோ ஒன்றும் வருவதில்லை. நண்பகலில் குடில் கொதித்தாலும் உங்களுக்குத் தெரியாது, மொட்டுகள் வாடிவிடும். ரூட்டரில் ‘போர்ட் ஃபார்வர்டிங்’ சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள். பின் ஏன் இப்படி?

சிப்காட்டில் உள்ள ஒரு தொழிற்சாலையை நினைத்துக் கொள்ளுங்கள். வெளியுலகுக்கு அதன் தொலைபேசி எண் ஒன்றுதான். உள்ளே ஒவ்வொரு மேசைக்கும் 214, 215 என்று இண்டர்காம் எண்கள் உண்டு. அதே 214 பக்கத்துத் தொழிற்சாலையிலும் இருக்கும். ஆகவே வெளியிலிருந்து 214 என்று அழைத்துப் பயனில்லை. வாயிலில் உள்ள ஆபரேட்டர்தான் இணைத்துத் தர வேண்டும். உங்கள் வீட்டில் அந்த ஆபரேட்டர், ரூட்டர். 192.168 என்று தொடங்கும் முகவரிகள் இண்டர்காம் எண்கள். உள்ளிருந்து யாரேனும் வெளியே பேசினால், அதை ஆபரேட்டர் குறித்துக்கொண்டு, மறுமொழியை அவரிடமே சேர்ப்பார். தானாக வரும் அழைப்பை யாரிடம் தருவது என்று அவருக்குத் தெரியாது. ‘8080 என்ற போர்ட்டுக்கு வருவதை வெப்பமானிக்குக் கொடு’ என்று அவரிடம் எழுதித் தரும் சீட்டே போர்ட் ஃபார்வர்டிங்.

சிக்கல் எங்கே என்றால், உங்கள் ஆபரேட்டருக்கு மேலே இணைய நிறுவனத்தில் இன்னொரு ஆபரேட்டர் உட்கார்ந்திருக்கிறார். உங்கள் சீட்டு அவரிடம் இல்லை!

அவர் ஏன் வந்தார்? ஐ.பி. நான்காம் பதிப்பின் முகவரி 32 பிட் கொண்டது. 2-ஐ 32 முறை பெருக்கினால் சுமார் 429 கோடி. உலக மக்களுக்கு ஆளுக்கு ஒன்றுகூட வராது. 2011 பிப்ரவரி 3 அன்று உலகப் பொதுக் கையிருப்பின் கடைசித் தொகுதிகளும் பிரித்துத் தரப்பட்டன. எனவே பல நிறுவனங்கள் ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தருகின்றன. ஒரு முகவரிக்கு 65,536 போர்ட்டுகள். முதல் 1,024-ஐ ஒதுக்கிவிட்டு மீதியை 128 வீடுகளுக்குப் பங்கிட்டால் வீட்டுக்கு எத்தனை? கணக்கிட்டுப் பாருங்கள், 504 வரும். ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளிக்குப் போனால் மாநிலம் மாறும். இந்தத் தொல்லை மாறாது.

உங்கள் வீட்டிலும் இப்படித்தானா என்று அறிவது எளிது. ரூட்டரின் பக்கத்தில் ‘வான்’ முகவரி என்று காட்டும் எண்ணைக் குறித்துக் கொள்ளுங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் ஐயமே வேண்டாம். 2012-இல் இந்தப் பகிர்வுக்கென்றே ஒதுக்கிய 41,94,304 முகவரிகள் அவை.

நிறுவனத்திடம் கட்டணம் செலுத்தித் தனிப் பொது முகவரி கேட்கலாம். ஐ.பி. ஆறாம் பதிப்பு இருந்தால் இன்னும் நல்லது. அதில் ஒரு வீட்டுக்குத் தரும் மிகச் சிறிய தொகுதியிலேயே, 429 கோடியை 429 கோடியால் பெருக்கினால் வரும் அளவு முகவரிகள் உண்டு. இண்டர்காம் வேலையே இல்லை. ஆனால் பள்ளியின் இணைப்பிலும் அது இருக்க வேண்டும். மேலும், திறந்த கதவை உலகமே தட்டும். 2016-இல் ‘மிராய்’ என்ற தீய நிரல், ஆலையிலிருந்து வந்த கடவுச்சொல்லை மாற்றாத காமிராக்களிலும் ரூட்டர்களிலும் புகுந்து அவற்றைத் தன் படையாக்கிக் கொண்டது.

என் எண்ணத்தில் சிறந்த வழி, அழைப்பின் திசையைத் திருப்புவதே. உள்ளிருந்து போகும் அழைப்பை இரு ஆபரேட்டர்களும் தடுப்பதில்லை அல்லவா? பொது முகவரி உள்ள ஒரு சர்வரைச் சிறு வாடகைக்கு எடுத்து, குடிலில் உள்ள கணினி அதனை அழைத்து இணைப்பை விடாமல் வைத்திருக்கட்டும். நீங்கள் பள்ளியிலிருந்து அதே சர்வரை அழையுங்கள். இரண்டும் அங்கே சந்திக்கும். இதைச் சுரங்க வழி என்பர். ‘வயர்கார்ட்’ என்ற இலவச மென்பொருள் இதனைப் பூட்டுப் போட்டே அமைக்கிறது.

இதில் ஒரு நுட்பம். பேச்சில்லாத இணைப்பை ஆபரேட்டர் சிறிது நேரத்தில் தம் குறிப்பிலிருந்து அடித்துவிடுவார். அதனால் 25 நொடிக்கு ஒருமுறை ‘இருக்கிறேன்’ என்று ஒரு சிறு செய்தி அனுப்பச் சொல்வது வழக்கம். அந்த 25-ஐ 60, 120, 300 என்று கூட்டிக்கொண்டே போங்கள். இடைவெளியின் கடைசி நொடிகளில் வெளியிலிருந்து எப்போது குடில் எட்டாமல் போகிறதோ, அதைக் கொண்டு ஆபரேட்டரின் பொறுமை எத்தனை நொடி என்று நீங்களே அளந்துவிடலாம்.