ரப்பர் பூட்ஸ் மின்னலைத் தடுக்காது

“நாமதான் ரப்பர் பூட்ஸ் போட்டிருக்கோமே, மின்னல் நம்மள என்ன செய்யும்?” கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் இந்தப் பேச்சு காதில் விழாமல் ஒரு மழைக்காலம் போவதில்லை. ஈஜோக்கிலும் சொல்கிறார்கள், பெஸ்தாரி ஜெயாவிலும் சொல்கிறார்கள். புக்கிட் ரோத்தான் டீக்கடையில் பெரியவர்கள் சொல்ல, இளைஞர்கள் தலையாட்டுகிறார்கள். புலனக் குழுக்களில் இதுவே பாதுகாப்பு அறிவுரையாகவும் சுற்றுகிறது. பல ஆண்டுகளாக ஆறாம் படிவத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில் கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுமை போய்விட்டது. இது பொய். ஆளைக் கொல்லக்கூடிய பொய்.

பொய் இத்தனை நாள் உயிரோடு இருப்பதற்குக் காரணம், அதற்குள் ஒரு துளி உண்மை இருப்பதுதான். ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது என்று பள்ளியில் படித்தோம். வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டுக்கு அது சரி. மூன்று தலைமுறையாக ரப்பரோடு வாழ்ந்தவர்கள் நாம். பால்மரம் போய்ச் செம்பனை வந்த பிறகும் ரப்பர் மீதுள்ள நம்பிக்கை மட்டும் போகவில்லை. ஆனால் பாடத்தின் அடுத்த வரியை யாரும் படிக்கவில்லை. எந்த மின்காப்புப் பொருளுக்கும் தாங்கும் எல்லை ஒன்று உண்டு. அதைத் தாண்டினால் அது உடைந்து மின்சாரத்துக்கு வழிவிடும். ஆறாம் படிவ எஸ்டிபிஎம் இயற்பியலின் இரண்டாம் பருவம் முழுக்க மின்னியலும் காந்தவியலும்தான். அதில் மின்தேக்கி பற்றிய பாடத்தில் இது வருகிறது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். காற்றும் மின்காப்புப் பொருள்தான். ஒரு மில்லிமீட்டர் காற்று ஏறத்தாழ 3,000 வோல்ட் வரை தாங்கும். ரப்பருக்குத் தாராளமாக மில்லிமீட்டருக்கு 20,000 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். பூட்ஸின் அடிப்பாகம் 2 சென்டிமீட்டர் தடிமன் என்றால் தாங்குவது 4 லட்சம் வோல்ட். பெரிய எண்ணாகத்தான் தெரிகிறது. ஆனால் மேகத்துக்கும் தரைக்கும் இடையே உருவாகும் மின்னழுத்தம் கோடிக்கணக்கான வோல்ட். 10 கோடி வரைகூடப் போகும். கிலோமீட்டர் கணக்கில் காற்றை உடைத்துக்கொண்டு இறங்கி வந்த மின்னல், கடைசி 2 சென்டிமீட்டர் ரப்பரைப் பார்த்து நின்றுவிடும் என்று நம்புகிறீர்களா?

உண்மையில் அது ரப்பரைத் துளைக்கவே வேண்டியதில்லை. பூட்ஸின் மேல்விளிம்பிலிருந்து ஓரமாக, வெளிப்புறக் காற்று வழியே பாய்ந்து தரையைத் தொட்டால் போதும். கோடிக்கணக்கான வோல்ட்டுக்கு அது ஒரு தூரமே இல்லை. அதுவும் மழையில் நனைந்த பூட்ஸ். மேலிருந்து கீழ்வரை நீர்ப்படலம், அதில் சேறும் உரத்தூளும். வேலை முடிந்து பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்துப் பாருங்கள்: வியர்வையும் மழைத்தண்ணீரும் கலந்து கொட்டும். உள்ளேயும் ஈரம், வெளியேயும் ஈரம் என்றால் அங்கே எதை மின்காப்பு என்று சொல்வது?

உடனே அடுத்த வாதம் வரும்: “அப்போ காருக்குள்ள இருந்தா மட்டும் ஏன் ஒண்ணும் ஆகறதில்லே? ரப்பர் டயர்தானே காரணம்?” இல்லை, டயர் காரணமே இல்லை. காப்பாற்றுவது இரும்புக் கூடு. 1836-இல் மைக்கேல் ஃபாரடே 12 அடிப் பெட்டி ஒன்றைச் செய்து, வெளிப்புறம் முழுக்க உலோகத்தால் போர்த்தி, அதற்குள்ளேயே போய் நின்றார். வெளியே பொறி பறக்க மின்னேற்றம் செய்தும், உள்ளே அவருடைய நுண்ணிய கருவிகள் எதையும் காட்டவில்லை. மின்னூட்டம் உலோகக் கூட்டின் வெளிப்புறத்திலேயே தங்கிவிடும். கார் அப்படிப்பட்ட கூடு. மோட்டார் சைக்கிளுக்கும் ரப்பர் டயர் உண்டு, ஆனால் கூடு இல்லை. குலை ஏற்றும் டிராக்டரின் திறந்த பெட்டியில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கும் இல்லை. இடி முழங்கும்போது டயரை நம்பி அதில் ஏறாதீர்கள்.

மின்னல் நேராகத் தலையில் விழுந்தால்தான் ஆபத்து என்று எண்ணுவதும் தவறு. பக்கத்துச் செம்பனையில் விழுந்தாலே போதும். மரத்தில் இறங்கும்போது, அதைவிட எளிதாகக் கடத்தும் மனித உடலுக்குப் பக்கவாட்டில் தாவும். தரையில் இறங்கிய பிறகும் ஓய்வதில்லை, மண்ணில் நாலாபக்கமும் பரவும். 30,000 ஆம்பியர் என்பது மின்னலுக்குச் சாதாரண அளவு. மண்ணின் தடைத்திறன் 100 ஓம்-மீட்டர் என்று கொண்டால், அந்த மரத்திலிருந்து 10 மீட்டரில், அரை மீட்டர் அகல அடி வைத்து நிற்பவரின் இரண்டு பாதங்களுக்கு நடுவே 2,200 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். 20 மீட்டருக்கு விலகினால் 600-க்குக் கீழே இறங்கிவிடும். மாட்டின் முன்கால், பின்கால் இடைவெளி இன்னும் அதிகம். மின்சாரம் இதயம் வழியாகவும் போகிறது. 2016 ஆகஸ்டில் நார்வேயின் ஹர்தாங்கர்விடா மலைவெளியில் 323 கலைமான்கள் ஒரே இடத்தில் செத்துக் கிடந்தது இப்படி மின்னலால்தான்.

தரை வழியாக வரும் இந்தச் சில ஆயிரம் வோல்ட்டுக்கு, உலர்ந்த, ஓட்டையில்லாத பூட்ஸ் கொஞ்சம் உதவக்கூடும். அதை மறுக்கவில்லை. மழையில் அப்படியொரு பூட்ஸ் யார் காலில் இருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

செம்பனைக் காய் வெட்டுகிறவர்களின் நிலை இன்னும் மோசம். கையில் பல மீட்டர் நீள அலுமினியக் கம்பு, அதன் உச்சியில் வளைந்த இரும்புக் கத்தி. அதை நிமிர்த்திப் பிடித்தால் சுற்றியுள்ள இடத்தில் உயரமான உலோகம் அதுதான். மேகமே வேண்டாம், தோட்டத்தின் ஓரத்தில் போகும் 11,000 வோல்ட் மின்கம்பியை உரசினாலும் போதும். அங்கேயும் இதே பூட்ஸ் பேச்சு! மின்வாரியத் தொழிலாளி அணியும் கையுறை, குறிப்பிட்ட வோல்ட்டுக்குச் சோதித்து முத்திரையிட்டது. கடையில் வாங்கிய மஞ்சள் பூட்ஸை அப்படி யாரும் சோதிக்கவில்லை.

மற்ற நம்பிக்கைகளை விரைவாகவே முடித்துவிடலாம். மின்னும்போது கண்ணாடியைத் துணியால் மூடுகிறார்கள். கண்ணாடி ஒளியைத் திருப்பி அனுப்பும், மின்னூட்டத்தை இழுக்காது. “அர்ஜுனா, அர்ஜுனா” என்று சொல்வதில் கெடுதல் இல்லை, சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் ஓடுங்கள். கைப்பேசி மின்னலை இழுக்காது. ஆனால் சுவரிலிருந்து கம்பி வரும் பழைய தொலைபேசியை அந்த நேரத்தில் தொடக்கூடாது. விழுந்த இடத்தில் மறுபடி விழாதா? நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் ஆண்டுக்கு 20 முறைக்கு மேல் விழுகிறது. சுவிட்சை அணைத்தால் தொலைக்காட்சி பிழைத்துவிடும் என்பதும் வீண். சுவிட்சுக்குள் இருக்கும் இடைவெளி சில மில்லிமீட்டர்தான், மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள். பிளக்கையே கழற்ற வேண்டும், அதுவும் இடி நெருங்குவதற்கு முன்பே.

ஒன்றை மட்டும் விரைவாகக் கடந்து போக முடியவில்லை. மின்னல் தாக்கியவரைத் தொட்டால் நமக்கும் ஷாக் அடிக்கும் என்று கூட்டம் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கிறதே, அது கொடுமை. மின்னல் வினாடியின் சிறு பகுதிக்குள் முடிந்துவிடும். உடலில் மின்சாரம் எதுவும் தங்குவதில்லை. பெரும்பாலும் நின்றுபோவது இதயமும் மூச்சும். இதயம் தானாகத் திரும்பத் துடித்தாலும் மூச்சு வரத் தாமதமாகும், அந்த இடைவெளியில்தான் உயிர் போகிறது. 999-ஐ அழையுங்கள், உடனே நெஞ்சை அழுத்துங்கள், தெரிந்தால் வாய்வழி மூச்சும் கொடுங்கள். தயங்கி நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் அவருடைய பிழைக்கும் வாய்ப்பைக் குறைக்கிறது.

மேலே போட்ட கணக்கெல்லாம் ஆறாம் படிவப் பாடம்தான். அப்படியிருக்க, எஸ்பிஎம் முடித்த நம் பிள்ளைகளிடம் “ஃபிசிக்ஸ் கஷ்டம், வேண்டாம்” என்று சொல்வதை நிறுத்துங்கள். ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை: தடைத்திறன் பாடத்தை வகுப்பறையிலேயே முடிக்காதீர்கள். நான்கு இரும்புக் கம்பிகளை ஒரே வரிசையில், சம இடைவெளியில் மண்ணில் அடியுங்கள். வெளிக்கம்பி இரண்டுக்கும் மின்னோட்டம் கொடுத்து, உள்கம்பி இரண்டுக்கும் நடுவே மின்னழுத்தத்தை அளந்தால் மண்ணின் தடைத்திறன் கிடைத்துவிடும். ஜெராம், தஞ்சோங் காராங் பக்கத்துக் கடலோரக் களிமண்ணையும் பெஸ்தாரி ஜெயா பக்கத்து மண்ணையும் மாணவர்களே ஒப்பிடட்டும். தடைத்திறன் இரண்டு மடங்கானால் காலுக்கடியில் உள்ள வோல்ட்டும் இரண்டு மடங்காகும். தங்கள் அப்பா வேலை செய்யும் மண்ணில் அளந்த எண்ணை அந்தப் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள். வீட்டிலும் போய்ச் சொல்வார்கள்.

தோட்ட நிர்வாகத்துக்கும் மண்டோர்களுக்கும் சொல்ல வேண்டியது இது. இங்கே இடி அதிகம் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும், பெரும்பாலும் பிற்பகலில். மின்னலைப் பார்த்ததிலிருந்து இடி கேட்கும்வரை எண்ணுங்கள். ஒலி 3 வினாடிக்கு ஒரு கிலோமீட்டர் போகும், 30 வினாடி என்றால் 10 கிலோமீட்டர். 30-க்குள் கேட்டால் வேலையை நிறுத்துங்கள். கம்பைத் தரையில் போட்டுவிட்டு, சுவரும் கூரையும் ஒழுங்காக உள்ள கட்டடத்துக்கோ மூடிய வேனுக்கோ ஆட்களைக் கொண்டுபோங்கள். நாலு கம்பத்தில் நிற்கும் தகரக் கொட்டகை போதாது. தஞ்சோங் காராங் நெல்வயலில் நிற்பவருக்கும், கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்கப் படகில் போகிறவருக்கும் இதே விதிதான். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகே திரும்ப இறங்கலாம். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் இதை அறிவிக்கும்போது, நிறுத்திய நேரத்துக்கும் கூலி உண்டு என்று சேர்த்துச் சொல்லுங்கள். டன்னுக்கு இவ்வளவு என்று சம்பளம் வாங்குகிறவர் அதைக் கேட்ட பிறகுதான் கம்பைக் கீழே போடுவார்.