மாக்னெட்டோவும் டைனமோவும்

ஆதிகால மோட்டார் வண்டிகளில் மின்சாரம் உண்டாக்க மாக்னெட்டோ, டைனமோ என இருவகைக் கருவிகள் பயன்பட்டன. அவற்றின் குணதோஷங்களை அங்கத்தினர்கள் ஒப்பிட்டு அறிதல் நலம்.

1908இல் வெளிவந்த போர்டு 'டி' மாடல் வண்டியில், இஞ்சினின் சுழல்சக்கரத்தில் 16 காந்தங்கள் பொருத்தப்பட்டிருந்தன. அவை 16 கம்பிச் சுருள்களுக்கு எதிரே சுழலும்போது மின்சாரம் பிறந்தது. இஞ்சின் ஓடுதற்கு வேண்டிய தீப்பொறி பாட்டரியின்றியே கிடைத்தது இதன் சிறப்பு. ஆனால், இது மாறுதிசை மின்சாரம். அப்படியே பாட்டரியில் சேமிக்க இயலாது. 1915ஆம் ஆண்டு மாடல் முதல் முகப்பு விளக்குகளும் இதனாலேயே எரிந்தன. இஞ்சின் வேகம் குறைந்தால் ஒளி மங்கியது. கரடுமுரடான பாதையில் இரவில் மெதுவாகச் செல்லும்போதுதான் வெளிச்சம் மிகுதியும் தேவை. அப்போதுதான் அது கைவிட்டது!

டைனமோ நேர்திசை மின்சாரம் தந்து பாட்டரியை நிரப்பும். இஞ்சின் நின்றாலும் பாட்டரியால் விளக்கு எரியும். சேமித்த மின்சாரம் டைனமோவுக்குத் திரும்பிப் பாயாதபடி 'கட்-அவுட்' என்னும் சாதனம் இணைப்பைத் துண்டிக்கும்.

1912ஆம் ஆண்டுக் காடிலாக் வண்டிக்குச் சார்லஸ் கெட்டரிங் குழுவினர் அமைத்த கருவி, முதலில் மோட்டாராக நின்று இஞ்சினைக் கிளப்பிற்று; பின்னர் டைனமோவாகிப் பாட்டரியை நிரப்பிற்று. கைப்பிடியைச் சுழற்றுகையில் அது எதிர்த்தடித்து மணிக்கட்டு முறியும் அபாயம் இதனால் நீங்கிற்று. 1919இல் போர்டு வண்டியிலும் டைனமோவும் பாட்டரியும் இடம்பெறலாயின. தீப்பொறிக்கு மாக்னெட்டோவும் உடனிருந்தது.

எளிமை மாக்னெட்டோவின் பலம். சேமிப்பு டைனமோவின் பலம். ஒரு கருவியை மதிப்பிடுவோர், அது நன்கு ஓடும் வேளையை மட்டுமன்றி, தளரும் வேளையையும் நோக்குதல் வேண்டும்.