சான்றிதழ் எந்த மேசைக்குப் போகிறது?

நம்பிக்கைகளும் உண்மைகளும்: இணையவழி முதுமாணிப் பட்டம்

கட்டுகஸ்தோட்டையில் ஒரு வீதி மாத்தளைக்கும் இன்னொன்று குருநாகலுக்கும் பிரிகிறது. எந்த பஸ்ஸில் ஏறுவது என்று அங்கே யாரும் குழம்புவதில்லை. போகுமிடம் தெரிந்தவர்கள்தான் நிற்கிறார்கள். அதே ஆட்களின் கைத்தொலைபேசியில் "வேலையை விடாமல் எம்.பி.ஏ.", "வீட்டிலிருந்தே மாஸ்டர்ஸ்", "இன்று பதிந்தால் பாதிக் கட்டணம்" என்று விளம்பரம் வந்தால் கதை வேறு. போகுமிடத்தை யோசிக்காமலே ஏறிவிடுகிறார்கள்.

முதுமாணிச் சான்றிதழ் கடைசியில் ஒரு மேசைக்குப் போகிறது. ஆசிரியருக்கு அது வலயக் கல்வி அலுவலகத்து மேசை. வங்கி உத்தியோகத்தருக்குத் தலைமை அலுவலக மனிதவளப் பிரிவு. கனடாவுக்கோ கட்டாருக்கோ போக நினைப்பவருக்கு அந்த நாட்டுத் தகைமை மதிப்பீட்டாளர். அந்த மேசைக்குப் பின்னால் இருப்பவர் என்ன கேட்பார் என்று முதலில் அறிந்தவர் ஏமாறுவது அரிது. மற்றவர்களைச் சுற்றலில் விடுகிற ஏழு நம்பிக்கைகள் இவை.

நம்பிக்கை 1: ஒன்லைன் பட்டம் என்றாலே மட்டம், நேரில் போய்ப் படித்தால்தான் மதிப்பு.

உண்மை: தூரத்திலிருந்து படித்துப் பட்டம் பெறுவது இந்த நாட்டில் பழைய பழக்கம். லண்டன் பல்கலைக்கழகம் 1858 இலேயே வெளிவாரித் தேர்வுகளுக்கு வாசலைத் திறந்தது. 1921 இல் தொடங்கிய கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரி, 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாகும் வரை, தன் மாணவரை லண்டன் தேர்வுகளுக்கே ஆயத்தப்படுத்தியது. சுவாமி விபுலாநந்தரும் இங்கிருந்தபடி லண்டன் பி.எஸ்சி. தேறியவர்தான். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியர் ஆசனம் அவரைத் தேடி வந்தது.

இன்றைய நிலையும் அப்படித்தான். அமெரிக்காவின் ஜோர்ஜியா டெக் 2014 இல் கணினி விஞ்ஞான முதுமாணியை இணையவழியில் தொடங்கியது. மொத்தக் கட்டணம் ஏறக்குறைய 7,000 டொலர். பட்டத்தின் பெயரில் "ஒன்லைன்" என்ற சொல்லே கிடையாது. இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழு, தன் அனுமதி பெற்ற இணையவழிப் பட்டங்கள் வழக்கமான பட்டங்களுக்குச் சமம் என்று 2022 செப்டெம்பரில் அறிவித்தது. ஆனால் அதே குழு மருத்துவம், பொறியியல், சட்டம் போன்ற துறைகளை அந்த வழியில் நடத்த அனுமதிப்பதில்லை. ஆகவே வழியை விட, எந்தத் துறை, யார் தரும் பட்டம் என்பதே கேள்வி.

நம்பிக்கை 2: "அரசாங்கத்தில் பதிவு செய்யப்பட்ட நிறுவனம்" என்று போட்டிருக்கிறது, அது போதும்.

உண்மை: எந்தப் பதிவு என்று கேளுங்கள். 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் பதிவு செய்தால் வியாபாரம் நடத்தலாம். பல்பொருள் அங்காடிக்கும் அதே பதிவுதான். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் பதிவு தொழிற்பயிற்சிக்கு உரியது. பட்டம் வழங்கும் அதிகாரம் 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்திலிருந்து வருகிறது. அரச பல்கலைக்கழகம் அல்லாத நிறுவனமென்றால், அந்தச் சட்டத்தின் 25அ பிரிவின் கீழ் அமைச்சரின் அங்கீகாரம் வேண்டும்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. அந்த அங்கீகாரம் ஒவ்வொரு பட்டநெறிக்கும் தனித்தனியே பார்க்கப்படுகிறது. இளமாணிக்கு அனுமதி பெற்ற நிறுவனம் நடத்தும் முதுமாணிக்கும் அனுமதி உண்டென்று எண்ணிவிடக் கூடாது. நிறுவனத்தின் பெயரோடு நிற்காமல், நீங்கள் சேரப்போகும் நெறியின் பெயரையும் வர்த்தமானி அறிவித்தலில் தேடுங்கள்.

நம்பிக்கை 3: "லெவல் 7" என்றால் மாஸ்டர்ஸ்தான்.

உண்மை: இந்த ஓர் எண்ணில்தான் நம்மவர் அதிகம் வழுக்குகிறார்கள், ஏனென்றால் இலங்கையில் அதற்கு மூன்று பொருள் உண்டு. தேசிய தொழில் தகைமையில் ஏழாம் மட்டம் இளமாணிப் பட்டத்துக்கு உரியது. இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் ஏழாம் மட்டம் பட்டப்பின் சான்றிதழ். பட்டப்பின் டிப்ளோமா எட்டு, பாடநெறி முதுமாணி ஒன்பது, ஆய்வுப் பகுதியும் சேர்ந்த முதுமாணி பத்து. இங்கிலாந்தின் சட்டகத்தில்தான் ஏழாம் மட்டம் முதுமாணி நிலை.

அங்கேயும் ஒரு பள்ளம் உண்டு. முதுமாணி நிலையில் அமைந்த டிப்ளோமாவும் முதுமாணிப் பட்டமும் ஒன்றல்ல. இங்கிலாந்தின் தகைமை ஒழுங்குபடுத்தும் அமைப்பான ஒஃப்குவால் மேற்பார்வை செய்வது டிப்ளோமா வழங்கும் அமைப்புகளை; பட்டத்தைப் பட்டமளிக்கும் அதிகாரமுள்ள பல்கலைக்கழகமே தர முடியும். "லெவல் 7 முடித்தால் பிறகு டொப்-அப் செய்யலாம்" என்று சொல்பவரிடம், அந்த டொப்-அப்பைத் தரும் பல்கலைக்கழகம் எது, எத்தனை கிரெடிட்டை ஏற்றுக்கொள்கிறது, மிச்சத்துக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேளுங்கள். பதில் வாய்மொழியாக வந்தால், எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

நம்பிக்கை 4: வெளிநாட்டில் அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகம், இணையத்தளத்திலேயே முத்திரை இருக்கிறது.

உண்மை: முத்திரையை யாரும் வரையலாம். 2015 மே மாதம் நியூயோர்க் டைம்ஸ் வெளியிட்ட செய்தி இதற்குச் சாட்சி. கராச்சியிலிருந்து இயங்கிய ஆக்ஸாக்ட் என்ற மென்பொருள் கம்பனியோடு தொடர்புடைய 370 இணையத்தளங்களை அந்தப் பத்திரிகை கண்டுபிடித்தது. இல்லாத பல்கலைக்கழகங்கள் மட்டும் அவற்றில் இருக்கவில்லை. அவற்றுக்கு "அங்கீகாரம்" தரும் இல்லாத அமைப்புகளும் இருந்தன. திருடனே காவல்நிலையமும் திறந்து வைத்த கதை.

எனவே அங்கீகாரத்தைப் பல்கலைக்கழகத்தின் தளத்தில் பார்க்காதீர்கள். அங்கீகரிக்கும் அமைப்பின் தளத்தில் பாருங்கள். இந்தியப் பட்டமென்றால் மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில், அந்தக் கல்வியாண்டுக்கு, அந்தப் பாடநெறிக்கு அனுமதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இங்கே வேலைக்குக் காட்டும் எந்த வெளிநாட்டுப் பட்டத்துக்கும் கடைசி வாசல் கொழும்பு 7, வாட் பிளேஸில் இருக்கும் நமது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு. பட்டத்தின் அங்கீகாரம் பற்றி அங்கே விசாரித்துக் கடிதம் பெறலாம். பலர் பட்டம் முடிந்த பிறகு அந்தக் கடிதத்துக்கு ஓடுகிறார்கள். ஓட வேண்டியது சேருமுன்.

நம்பிக்கை 5: கெட்டிக்காரர் என்றால் ஆறு மாதத்தில் முடித்துவிடலாம்.

உண்மை: கணக்கைப் போட்டுப் பாருங்கள். இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒன்பதாம் மட்ட முதுமாணிக்குக் குறைந்தது 30 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு வாசிப்பு, ஒப்படை, பரீட்சை ஆயத்தம் எல்லாம் சேர்த்து 50 மணித்தியாலம். மொத்தம் 1,500 மணித்தியாலம். ஆறு மாதத்தில் முடிக்கக் கிழமைக்கு ஏறக்குறைய 58 மணித்தியாலம் வேண்டும். வேலையும் வீடும் உள்ளவரால் முடிகிற காரியமா? கிழமைக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் ஒதுக்க முடிந்தால் 125 கிழமை, அதாவது இரண்டரை வருடத்துக்குச் சற்றுக் குறைவு.

இங்கிலாந்து முதுமாணிக்கு 180 கிரெடிட். அங்கே ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணித்தியாலம், ஆக 1,800. எண் பெரிதாகத் தெரிந்தாலும் உழைப்பு ஏறக்குறைய அதேதான். இந்த உழைப்பை எங்கும் கேட்காத பட்டம், அந்த மேசையில் வேறு கேள்விகளைக் கேட்க வைக்கும்.

நம்பிக்கை 6: விளம்பரத்தில் இருக்கும் தொகைதான் செலவு.

உண்மை: அது பெரும்பாலும் தொடக்கம் மட்டுமே. பதிவுக் கட்டணம், பரீட்சைக் கட்டணம், தவறிய பாடத்தை மீண்டும் எழுதும் கட்டணம், ஆய்வேட்டு மேற்பார்வை, பெறுபேற்றுப் பிரதி, பட்டமளிப்பு விழா என்று வால் நீளும். "இலவசம்" என்பதற்கும் இது பொருந்தும். 2009 இல் தொடங்கிய யூனிவர்சிட்டி ஒஃப் தி பீப்பிள் போதனைக் கட்டணம் வாங்குவதில்லை என்பது உண்மை. விண்ணப்பத்துக்கும் ஒவ்வொரு பாடத்தின் மதிப்பீட்டுக்கும் கட்டணம் உண்டு என்பதும் உண்மை.

நமக்கு இன்னொரு சூடு ஏற்கெனவே பட்டிருக்கிறது. 2022 தொடக்கத்தில் டொலர் இருநூறு ரூபாய் அளவில் நின்றது. மே மாதத்தில் 360 ஐத் தாண்டியது. 4,000 டொலர் கட்டணத்தைத் தவணையில் கட்டலாம் என்று நம்பிச் சேர்ந்தவருக்கு எட்டு இலட்சமாக இருந்த கணக்கு பதினான்கு இலட்சத்துக்கு மேல் போயிருக்கும். சம்பளம் ரூபாயிலும் கட்டணம் டொலரிலும் இருந்தால், அந்த வித்தியாசத்தைத் தாங்கும் அளவு கையிருப்பு வேண்டும்.

மறுபக்கம், "அரச பல்கலைக்கழகத்தில் எல்லாம் இலவசம்" என்பதும் சரியல்ல. கன்னங்கராவின் இலவசக் கல்வி உள்வாரி இளமாணியோடு நின்றுவிடுகிறது. பாடநெறி முதுமாணிகளுக்குப் பெரும்பாலும் கட்டணம் உண்டு. ஆனாலும் அது ரூபாயில் இருக்கும், அங்கீகாரம் பற்றிய கேள்வி எழாது. கட்டுகஸ்தோட்டைக்காரருக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் நிறுவனங்கள் ஒரு பஸ் பயணத் தூரம். 1980 இல் தொடங்கிய திறந்த பல்கலைக்கழகத்தின் கண்டிப் பிராந்திய நிலையம் இன்னும் கிட்ட, பொல்கொல்லவில் இருக்கிறது. வெளிநாட்டுக் கட்டணத்தை அலசுமுன் இந்த இரண்டு இடத்திலும் என்ன நெறி, என்ன மொழிமூலம், என்ன கட்டணம் என்று கேட்டு வைத்தால், மற்ற எல்லாவற்றையும் ஒப்பிட ஓர் அளவுகோல் கிடைக்கும்.

நம்பிக்கை 7: முதுமாணி எடுத்தால் பதவியுயர்வு தானாக வரும்.

உண்மை: அரச சேவையில் ஒவ்வொரு சேவைக்கும் பிரமாணக் குறிப்பு இருக்கிறது. எந்தத் துறை முதுமாணி, எந்தத் தரத்துக்கு, எந்த நிறுவனத்திலிருந்து என்பதை அது சொல்லும். கல்வியியல் முதுமாணி கேட்கும் இடத்தில் எம்.பி.ஏ. வைத்தால் கோப்பு திரும்பி வரும். தனியார் துறையில் எழுதப்பட்ட விதி குறைவு. கணக்கியலில் சீமா போன்ற தொழிற்றகைமையும் மென்பொருளில் கைவேலையும் முதுமாணியை முந்திவிடுவதுண்டு. மேலதிகாரியிடம் "இதைப் படித்தால் என்ன மாறும்?" என்று நேரே கேட்பதில் வெட்கம் எதற்கு?

பின்னர் ஆய்வுப் பக்கம் போகும் எண்ணம் இருந்தால், 30 கிரெடிட் பாடநெறியோடு நிற்காமல் ஆய்வேடும் சேர்ந்த 60 கிரெடிட் முதுமாணியைப் பாருங்கள். செலவும் காலமும் கூடும்; போகுமிடம் அதுவானால் இடையில் இறங்கி வேறு பஸ் தேட வேண்டியிராது.

ஏழையும் நினைவில் வைக்க முடியாவிட்டால் இரண்டு கேள்வி போதும். சான்றிதழை ஏற்கப்போகிறவரிடம்: இந்தப் பட்டத்தை, இந்த வழியில் படித்ததை ஏற்பீர்களா? மானியங்கள் ஆணைக்குழுவிடம்: இந்தப் பல்கலைக்கழகத்தின் இந்தப் பட்டத்தை அங்கீகரிக்கிறீர்களா? "சலுகை நாளையோடு முடிகிறது" என்று எத்தனை தடவை தொலைபேசி வந்தாலும், அந்த இரண்டு பதிலும் எழுத்தில் கைக்கு வரும்வரை முதல் தவணையைக் கட்டாதீர்கள்.