முதல் பனிச்சறுக்குக்குச் சின்ன மலை போதும்

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை நெருங்கினாலே ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் என்னைப் பார்ப்பவர்கள் கேட்பது ஒன்றுதான்: "ஜப்பானுக்குப் போனால் பிள்ளைகளைப் பனியில் சறுக்க வைக்கலாமா? எங்கே போவது?" கேள்வியோடு நிசேகோ, ஹக்குபா என்று பெயர்களும் சேர்ந்தே வரும். கைப்பேசியில் பார்த்த பெயர்கள். சறுக்கத் தெரிந்தவர்களுக்கு இரண்டும் அருமையான இடங்கள். பனியைக் கையால் தொட்டே பார்க்காத குடும்பத்துக்கு இரண்டும் தண்டச் செலவு. நிசேகோவின் எல்லாச் சரிவுகளுக்குமான ஒரு நாள் லிஃப்ட் சீட்டு 10,000 யென்னைத் தாண்டிவிட்டது. நூறு யென் மூன்று மலேசிய வெள்ளிக்கும் குறைவு. நான்கு பேருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அவ்வளவு கொடுத்தும் முதல் நாள் முழுக்க நீங்கள் விழுந்து எழப்போவது அடிவாரத்துச் சின்னச் சரிவில்தான். அந்தச் சரிவு எல்லா மலையிலும் இருக்கிறது.

என் சிபாரிசு நீகாத்தா மாநிலத்து யுஸாவா. தோக்கியோவிலிருந்து ஜொயெத்சு ஷின்கான்சென் ரயிலில் எச்சிகோ-யுஸாவா நிலையத்துக்கு ஏறக்குறைய 80 நிமிடம். வழியில் 22 கிலோமீட்டர் நீள தாய்ஷிமிசு சுரங்கப்பாதை வரும். உள்ளே நுழையும்போது பெரும்பாலும் காய்ந்த புல்லும் வெயிலும். வெளியே வந்ததும் கூரை, மரம், மின்கம்பம் எல்லாம் வெள்ளை. சைபீரியக் குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து, சுரங்கத்துக்கு மேலே நிற்கும் மலைத்தொடரில் முட்டி இந்தப் பக்கமே கொட்டிவிடுகிறது. ஜப்பானிய எழுத்தாளர் கவாபட்டாவின் 'பனி நாடு' நாவல் நடப்பதும் இந்த ஊரில்தான். பிள்ளைகளைச் சுரங்கத்துக்கு முன்பே எழுப்பி விடுங்கள்.

யுஸாவாவிலும் பெரியதும் சிறியதுமாகப் பல மலைகள். யுஸாவா நக்காஸாத்தோ எனக்குப் பிடித்த ஒன்று. எச்சிகோ-நக்காஸாத்தோ என்ற சின்ன ரயில் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. பழைய நீல நிற ரயில் பெட்டிகளை வரிசையாக நிறுத்தி ஓய்வறையாக்கி வைத்திருக்கிறார்கள். சரிவுகள் மென்மையானவை, குடும்பக் கூட்டம், அலட்டல் இல்லை. ஊர் ரயில் அடிக்கடி ஓடாது; திரும்பும் நேரத்தைக் காலையிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

வயதானவர்கள் உடன் வந்தால் மட்டும் காலா யுஸாவாவுக்குப் போகச் சொல்வேன். குளிர்காலத்தில் மட்டுமே இயங்கும் ரயில் நிலையம் அது. ரயிலை விட்டு இறங்கினால் அதே கட்டடத்தில் சீட்டு, வாடகைக் கருவி, மேலே போகும் கொண்டோலா எல்லாம் முடிந்துவிடும். சறுக்காதவர்கள் கொண்டோலாவுக்கு மட்டும் சீட்டு வாங்கி மேலே போய்ப் பனியைப் பார்த்துவிட்டு வரலாம். ஒசாகா டிக்கெட்டை ஏற்கெனவே எடுத்துவிட்டீர்களா? கோபேக்கு மேலே ரொக்கோ மலையில் ஒரு சின்னப் பனிப்பூங்கா உண்டு. இயந்திரம் செய்கிற பனிதான். அரை நாளுக்குப் போதும்.

பெரியவர்கள் என்றதும் இரண்டு விஷயம். நீல அடையாள அட்டை உள்ளவர்கள் மலேசியக் கடப்பிதழில் விசா இல்லாமலே 90 நாள் வரை ஜப்பானில் இருக்கலாம். 60 வயதைத் தாண்டியவர்களுக்குக் கடப்பிதழ்க் கட்டணமும் 100 வெள்ளிதான், பொதுக் கட்டணம் 200. ஆனால் தோட்டத்தில் பிறந்து, பிறப்புப் பத்திரம் ஒழுங்காக இல்லாமல், இன்றுவரை சிவப்பு அட்டையோடு இருக்கிற அப்பத்தாக்கள் நம் பேராக்கில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு மலேசியக் கடப்பிதழ் கிடைக்காது. குடும்பம் முழுமைக்கும் டிக்கெட் போட்ட பிறகு இதைக் கண்டுபிடிக்கிறவர்கள் உண்டு. முதலில் அட்டையைப் பாருங்கள், பிறகு விமானத்தைப் பாருங்கள்.

இன்னொன்று: ஜப்பான் என்றதும் அந்தத் தலைமுறைக்கு நினைவு வருவது பனி அல்ல, போர்க்காலத்தில் ஜப்பானியர் போடவைத்த சயாம் மரண ரயில் பாதை. தோட்டத்திலிருந்து லாரியில் ஏற்றிப் போனவர்கள் திரும்பி வராத வீடுகள் இங்கே ஏராளம். வரமாட்டேன் என்று பாட்டி சொன்னால் வற்புறுத்தாதீர்கள்.

உடுப்பில்தான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலைக்கு எடுத்துப் போகும் சுவெட்டரையே ஜப்பானுக்கும் எடுத்துப் போகிறார்கள். கேமரனில் இரவில் 15 பாகைக்குக் கொஞ்சம் கீழே இறங்கினாலே நாம் போர்வை தேடுவோம். யுஸாவாவில் ஜனவரிப் பகலே பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். உடலோடு ஒட்டிய மெல்லிய செயற்கை இழை உள்ளாடை, அதன் மேல் ஃபிளீஸ் மேலாடை, அதற்கும் மேல் நீர் புகாத சட்டையும் காற்சட்டையும். மேல் உடுப்பை வாங்க வேண்டாம், மலையிலேயே வாடகைக்குக் கிடைக்கும். பருத்தியும் ஜீன்ஸும் ஆகவே ஆகாது. வியர்வையிலும் பனியிலும் நனைந்தால் காயாது, குளிர் எலும்பு வரை ஏறும். சேலையின் கரையும் அப்படியே நனைந்து கனக்கும். அம்மாமார்கள் ஒரு நாளைக்குக் காற்சட்டை போட்டுக்கொள்ளட்டும். கையுறை, தொப்பி, கண்ணாடி பெரும்பாலும் வாடகையில் சேராது, அவற்றை மட்டும் சொந்தமாக வாங்குங்கள். கையுறை நீர் புகாததா என்று கேட்டு வாங்குங்கள். பின்னல் கையுறை பத்து நிமிடத்தில் ஈரத்துணியாகிவிடும்.

சறுக்குச் சப்பாத்து இன்னும் முக்கியம். ஜப்பானில் காலளவு சென்டிமீட்டரில். வீட்டிலேயே அளந்து எழுதிக்கொண்டு போங்கள். நீளமான ஒரே ஒரு காலுறை போதும். குளிருமே என்று இரண்டு போட்டால் மடிப்பு விழுந்து கால் கன்றிப்போகும். குதிகாலைப் பின்னால் தள்ளி உட்கார வைத்து, கணுக்காலைச் சுற்றியுள்ள கொக்கியை இறுக்க வேண்டும். முழங்காலை மடக்கினால் கணைக்கால் முன்னெலும்பு சப்பாத்தின் நாக்கில் அழுந்த வேண்டும், குதிகால் மேலெழக் கூடாது. அதுதான் சரியான அளவு.

இங்கே நீரிழிவுக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நம் சமூகத்தில் வீட்டுக்கு ஒருவராவது இருக்கிறோம். பாதத்தில் மரத்துப்போன உணர்வு உள்ளவர்கள் இந்தச் சப்பாத்தை மாட்டாதீர்கள். அழுத்துவதும் தெரியாது, புண்ணாவதும் தெரியாது. மாலையில் காலுறையைக் கழற்றும்போதுதான் இரத்தத்தைப் பார்ப்பீர்கள். பாதம் மரத்துப்போகாதவர்களும் மதியம் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். இன்சுலினை முதுகுப்பையில் வைத்தால் உறைந்து கெட்டுவிடும். உடலோடு ஒட்டிய உள்பையில் வையுங்கள். கடுங்குளிரில் சர்க்கரை அளக்கும் கருவியும் தப்பாகக் காட்டக்கூடும், உள்ளே வந்து கருவி சூடேறிய பிறகு அளங்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் குளிர்காற்றே இழுப்பைக் கிளப்பும். மருந்து சட்டைப் பையில் இருக்கட்டும். இருட்டோடு எழுந்து ரப்பர் பால் வெட்டப் போய்த் தேய்ந்த முழங்கால்களுக்குச் சறுக்குவண்டிப் பக்கம்தான் நல்லது. பேரப்பிள்ளையை மடியில் வைத்துச் சறுக்கலாம், யாரும் சிரிக்க மாட்டார்கள்.

மிச்சம் பிடிக்கக் கூடாத ஒன்று உண்டு என்றால் அது பயிற்சி. ஆங்கிலத்தில் சொல்லித் தருபவர்கள் குறைவு. இரண்டு மணி நேர வகுப்பை ஊரிலிருந்தே பதிவு செய்யுங்கள். யூடியூப் பார்த்துக் கற்ற மாமா மருமகளுக்குச் சொல்லிக் கொடுத்தால் குடும்பச் சண்டைதான் மிஞ்சும். முதல் நாளுக்கு இரட்டைப் பலகையான ஸ்கியே மேல். ஸ்னோபோர்டில் இரண்டு கால்களும் ஒரே பலகையில் கட்டுண்டு, புட்டத்திலும் மணிக்கட்டிலுமே விழுவீர்கள். பலகைகளின் முனைகளைச் சேர்த்து, பின்பக்கத்தை அகட்டி வேகத்தைக் குறைக்க முதலில் கற்றுத் தருவார்கள். அது வரும்வரை லிஃப்ட்டில் ஏறாதீர்கள். வேகம் மீறினால் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்துவிடுங்கள். எழும்போது பலகைகளைச் சரிவுக்குக் குறுக்காக, உங்களுக்குக் கீழே வைத்துக்கொண்டு எழுங்கள். வரைபடத்தில் பச்சை தொடக்கக்காரர்களுக்கு. சிவப்பும் கறுப்பும் இந்த முறை வேண்டாம். கயிறு கட்டிய எல்லையைத் தாண்டினால் மீட்புச் செலவு உங்கள் தலையில்.

சாப்பாட்டைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. மலை உணவகத்துக் கறிச்சோற்றின் குழம்புக் கட்டியில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ இருக்கலாம். ராமென் சாறு பெரும்பாலும் பன்றி எலும்பு. சைவமாகத் தெரியும் ஊடோன் சாற்றிலும் மீன். பொடி, தொக்கு, சப்பாத்தி கட்டிக்கொண்டு போங்கள். இறைச்சி கலந்த எதையும், செருண்டிங் உட்பட, ஜப்பானுக்குள் விடமாட்டார்கள். பழமும் பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம். குளியலைப் பொறுத்தவரை, யுஸாவா வெந்நீர் ஊற்று ஊர். ஆனால் நம் சுங்கை கிளா வெந்நீர்க் குளத்தில் போல நீச்சலுடையோடு இறங்க முடியாது. ஆண் பெண் தனித்தனியே, உடுப்பில்லாமல். கூச்சப்படுபவர்கள் குடும்பத்துக்கென்று தனியாக வாடகைக்கு விடும் குளியலறையைக் கேளுங்கள்.

நாள் குறிக்கும்போது ஜப்பானியப் புத்தாண்டு வாரத்தையும் சீனப் பெருநாள் வாரத்தையும் விட்டுவிடுங்கள். கூட்டமும் விலையும் இரட்டிப்பு. டிசம்பரில் பனி சில ஆண்டுகள் ஏமாற்றும். ஜனவரி நடுவிலிருந்து மார்ச் தொடக்கம் வரை நம்பலாம். பயண நிறுவனத்தின் மூலம் போகிறவர்கள் சுற்றுலா அமைச்சின் உரிமம் உண்டா என்று பார்த்துவிட்டு, மலையில் எத்தனை மணி நேரம் என்றும் கேளுங்கள். சில தொகுப்புகளில் 'பனி அனுபவம்' என்பது படம் எடுக்க விடும் ஒரு மணி நேரம் மட்டுமே. காப்புறுதிப் பத்திரத்தில் பனிச்சறுக்கு விலக்கப்பட்டிருக்கிறதா என்று வாசியுங்கள்.

மதியம் மூன்று மணிக்குக் கால் தளர்ந்து, பனி இறுகி, வெளிச்சம் மங்கும். "கடைசியாக ஒரே ஒரு தடவை" என்று பிள்ளைகள் அப்போதுதான் கெஞ்சுவார்கள். ஏற்றிவிடாதீர்கள், களைத்த கால்தான் கட்டுப்பாட்டை இழக்கும்.