மானியம் யாருக்குப் போகுது?



நம்ம பிள்ளைகள் பலர் கொட்டாஞ்சேனை, முகத்துவாரம் பக்கத்துக் கடைகளிலே வேலை செய்து வீட்டுக்குக் காசு அனுப்புகிறார்கள். அந்தக் காசைச் சேர்த்து, பக்கத்து நாட்டுப் பகுதியிலே அரை ஏக்கர் தேயிலைக் காணி வாங்கச் சில குடும்பங்கள் நினைக்கின்றன. "வாங்கினா கவர்மென்ட் மானியம் கிடைக்குமா?" என்று கேட்கிறார்கள். கிடைக்க வழியுண்டு. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மானியம் என்றால் என்ன?

மானியம் கடன் அல்ல. பயிர் செய்பவரின் செலவில் ஒரு பங்கை அரசாங்கம் கொடுப்பதுதான் மானியம். 2024/25 பெரும்போகத்திலே நெல் விவசாயிகளுக்கு ஹெக்டேருக்கு 25,000 ரூபா உரமானியம் அறிவிக்கப்பட்டது.

தேயிலைக்கு முக்கியமானது மீள்நடுகை மானியம். கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கி, மண்ணைத் தேற்றப் புல் வளர்த்து, பிறகு தவறணைக் கன்றை நட்டுக் கொழுந்து எடுக்கச் சில வருஷம் போகும். அதுவரை அந்தக் காணியிலே வருமானம் இல்லை. அந்த ஓட்டையை அடைக்கத்தான் மானியம். வேலையைப் பார்த்துப் பார்த்து, தவணை தவணையாகக் கொடுப்பார்கள்.

யாருக்கு?

10 ஏக்கருக்குக் குறைந்த தேயிலைக் காணிக்காரருக்காக 1975ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின்படி தேயிலைச் சிறுபற்று நிலங்கள் அபிவிருத்தி அதிகார சபை அமைந்தது. இன்று இலங்கைத் தேயிலையில் பாதிக்கும் மேல் இப்படிப்பட்ட சிறு காணிகளின் கொழுந்துதான்.

நாம் தலைமுறை தலைமுறையாக வளர்த்த தேயிலை நம்ம பேரில் இல்லை. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் நம்மவரை நாடற்றவராக்கியது. 1975இல் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் அவற்றின் நிர்வாகம் கம்பெனிகளிடம் போனது. காணி மட்டும் தொழிலாளி பேருக்கு வரவில்லை. மானியம் உழைத்த கையைப் பார்த்து வருவதில்லை. காணிப் பத்திரத்தைப் பார்த்துத்தான் வரும்.

காசு கொடுக்கும் முன்

1. வெள்ளைத் தாளில் எழுதிக் கைநாட்டு வைத்தால் காணி நம்முடையதாகாது. 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிருந்து உறுதி எழுத வேண்டும்.

2. விற்பவருக்கு உரிமை உண்டா, காணி ஈட்டில் இருக்கிறதா என்று காணிப் பதிவகத்தில் பாருங்கள்.

3. அது அரசாங்க அனுமதிப்பத்திரக் காணியென்றால் முதலில் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். அனுமதியில்லாமல் விற்க முடியாது.

4. பழைய தேயிலையைப் பிடுங்கும் முன்னே அதிகார சபை உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். அனுமதி வாங்கிய பிறகே மண்வெட்டியை எடுங்கள்.

5. உறுதியிலே மனைவியின் பேரையும் சேருங்கள். கொழுந்து எடுப்பவள் அவள்தானே!

லயத்தோரக் காய்கறித் தோட்டம் எத்தனை வருஷம் நம்ம கையில் இருந்தாலும், பத்திரம் இல்லாவிட்டால் அதைக் காட்டி மானியம் கேட்க முடியாது.

வீட்டில் கலந்து பேச

நம்ம வீட்டில் என்னென்ன பத்திரம் இருக்கு? யார் பேரில் இருக்கு? எழுத்து வாசிக்கத் தெரிந்த பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, இன்று இரவே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.